அமெரிக்கப் பழக்கத்தோடு இங்கிலாந்தில் இறங்குபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

அமெரிக்காவில் பத்துப் பதினைந்து ஆண்டுகள் வாழ்ந்து, அந்நாட்டுப் பேச்சும் நடையும் உடம்பில் ஊறிப்போன தமிழ்க் குடும்பங்கள், லண்டனின் ஈஸ்ட் ஹாமிலோ ஹாரோவிலோ இருக்கும் உறவினரைப் பார்க்க முதல்முறையாகக் கிளம்பும்போது, ‘அங்கேயும் இங்கிலீஷ்தானே’ என்ற தைரியத்தில் எந்த ஆயத்தமும் செய்துகொள்வதில்லை. ஜப்பானுக்குப் போகிறவர் அந்நாட்டு வழக்கங்களைக் கொஞ்சமாவது விசாரித்துவிட்டுப் போகிறார். இங்கிலாந்துக்குப் போகிறவரோ மொழி தெரியும் என்பதாலேயே ஏமாறுகிறார். சொற்கள் இரண்டு நாட்டிலும் ஒன்றாகவே ஒலிக்கின்றன, ஆனால் அவற்றின் எடை வேறு. அமெரிக்கர் தாம் நினைப்பதைக் கொஞ்சம் கூட்டிச் சொல்வார், ஆங்கிலேயர் அதையே பாதியாகக் குறைத்துச் சொல்வார். அங்கே போகிறவர் முக்கியமாகக் கற்க வேண்டியது இந்த எடை மாற்றத்தைத்தான். மற்றவை பிளக்கும் படிக்கட்டும் போன்ற சில்லறை விஷயங்கள் என்றாலும், முதல் நாள் தொல்லை கொடுப்பவை அவையே என்பதால் அவற்றிலிருந்தே தொடங்குகிறேன்.

கிளம்பும் முன்

அமெரிக்கக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்களுக்கு விசா தேவையில்லை என்பது உண்மை, ஆனால் 2025 ஜனவரி 8 முதல் அவர்களும் ‘ஈடிஏ’ எனப்படும் மின்னணுப் பயண அனுமதியை முன்கூட்டியே பெற்றாக வேண்டும். அதன் கட்டணம் 2025 ஏப்ரலில் 10 பவுண்டிலிருந்து 16 பவுண்டாக உயர்ந்தது. மறுபடியும் மாறக்கூடியது என்பதால் விண்ணப்பிக்கும் நாளில் பிரிட்டிஷ் அரசின் இணையதளத்திலேயே பார்த்துக்கொள்ளுங்கள். கைக்குழந்தைக்கும் தனி அனுமதி வேண்டும். வீட்டில் ஒருவர் இந்தியக் கடவுச்சீட்டில் இருந்தால், அவரிடம் கிரீன் கார்டு இருந்தாலும் பார்வையாளர் விசா எடுத்தே தீர வேண்டும். இதைக் கடைசி வாரத்தில் தெரிந்துகொண்டு, கணவரும் பிள்ளைகளும் மட்டும் திருமணத்துக்குப் போய்வந்த குடும்பம் ஒன்றை எனக்குத் தெரியும்.

பிளக் மாற்றி வாங்கும்போது ஐரோப்பியப் பயணத்துக்கு வாங்கிய இரட்டை உருளைக் கம்பி மாற்றியை எடுத்துச் செல்லாதீர்கள். இங்கிலாந்தின் பிளக், தடித்த மூன்று செவ்வகக் கம்பிகள் கொண்டது. மின்னழுத்தம் 230 வோல்ட். அமெரிக்காவின் 120 வோல்ட்டுக்கென்றே செய்த முடி உலர்த்தியை மாற்றியில் செருகினால் புகைதான் வரும். தொலைபேசி, மடிக்கணினி சார்ஜர்கள் இரண்டு அழுத்தத்தையும் தாங்கும்.

தேதியை நாள், மாதம், ஆண்டு என்ற வரிசையில் எழுதுகிறார்கள். ஊரில் நாம் எழுதிப் பழகிய முறையே அது. அமெரிக்கா போய் மாற்றிக்கொண்டதைத் திருப்பி மாற்ற வேண்டும். விடுதியை 5/6 என்ற தேதிக்குப் பதிவு செய்தவர் மே மாதத்தில் வந்து நின்றால் அறை இருக்காது.

வீட்டுக்குள் முதல் நாள்

தரைத் தளத்துக்கு மேலே இருப்பதுதான் முதல் தளம். அமெரிக்கர் முதல் தளம் என்றதும் தெருமட்டத்தில் தேடுவார். பழைய வீடுகளில் படிக்கட்டு குறுகலாகவும் செங்குத்தாகவும் இருக்கும், சிறு விடுதிகளில் லிஃப்ட் இருக்காது. பெரிய பெட்டி ஒன்றைவிடச் சிறிய பெட்டி இரண்டு நல்லது.

சுவரில் உள்ள ஒவ்வொரு பிளக் பாயிண்ட்டுக்கும் ஒரு சுவிட்ச் உண்டு. அமெரிக்காவில் அப்படி இல்லாததால், இரவெல்லாம் தொலைபேசியைச் செருகி வைத்துவிட்டுக் காலையில் அது செத்துக் கிடப்பதைப் பார்த்து அமெரிக்கர்கள் திகைப்பது வழக்கம். சுவிட்சைக் கீழே தட்டினால் எரியும், மேலே தட்டினால் அணையும். அமெரிக்காவில் இது தலைகீழ், தமிழ்நாட்டில் இங்கிலாந்து முறையே. குளியலறையில், சவர இயந்திரத்துக்கானது தவிர வேறு பிளக் பாயிண்ட் இருக்காது. விளக்குக்குக் கூரையிலிருந்து ஒரு கயிறு தொங்கும். இன்னொரு கயிறும் தொங்கினால் அது பெரும்பாலும் ஷவருக்குள் இருக்கும் மின் ஹீட்டருக்கானது. அதை இழுக்காமல் வெந்நீருக்காகக் காத்திருந்து பயனில்லை.

பழைய வீடுகளின் கைகழுவும் தொட்டியில் வெந்நீருக்கு ஒரு குழாயும் தண்ணீருக்கு ஒரு குழாயும் தனித்தனியாக இருப்பது அமெரிக்கர்கள் அதிகம் முறையிடும் விஷயம். அதற்குக் காரணம் உண்டு. முன்பு வெந்நீர், பரணில் இருந்த தொட்டியிலிருந்து வந்தது. அந்தத் தொட்டி நீர் குடிக்கத் தகுந்ததல்ல என்பதால், நேரடிக் குழாயில் வரும் நல்ல தண்ணீரோடு அது கலக்காதபடி பிரித்தே வைத்தார்கள். தொட்டிகள் போனபின்பும் பழக்கம் போகவில்லை. துணி துவைக்கும் இயந்திரம் சமையலறையில் இருப்பதையும், உலர்த்தும் இயந்திரம் பல வீடுகளில் இல்லாமல் துணிகள் கொடியில் தொங்குவதையும் கண்டு நம்மவர்கள் அதிசயிக்க வேண்டியதில்லை.

ஏசி பெரும்பாலான வீடுகளில் கிடையாது. 2022 ஜூலை 19 அன்று லிங்கன்ஷயரின் கானிங்ஸ்பியில் வெப்பம் 40.3 டிகிரி செல்சியஸைத் தொட்டபோதும் பெரும்பாலான மக்கள் சன்னலை அடைத்துத் திரையை இழுத்துவிட்டுத்தான் சமாளித்தார்கள். குளிர்காலத்தில், வீட்டுக்காரர் ஹீட்டரைக் கூட்டுவதற்கு முன் ஸ்வெட்டரைத்தான் எடுத்து நீட்டுவார். அமெரிக்க வீடுகளின் கதகதப்பை எதிர்பார்த்து மெல்லிய சட்டைகளோடு போக வேண்டாம்.

தெருவில்

1931 டிசம்பரில் நியூயார்க்கின் ஐந்தாவது அவென்யூவைக் கடக்க முயன்ற வின்ஸ்டன் சர்ச்சில், ஊர்ப்பழக்கத்தில் எதிர்ப்பக்கம் பார்த்துவிட்டு இறங்கியதால் காரில் அடிபட்டு மருத்துவமனையில் கிடந்தார். அதே தவற்றை மறுதிசையில் அமெரிக்கர் லண்டனில் செய்யக்கூடும் என்பதால்தான், சாலையோரத்தில் ‘வலப்பக்கம் பார்’ என்று வெள்ளை எழுத்தில் எழுதி வைத்திருக்கிறார்கள். தமிழ்நாட்டில் வளர்ந்த உங்கள் கண் சீக்கிரம் பழகிவிடும், அமெரிக்காவில் பிறந்த பிள்ளைகளின் கண் பழகாது. அவர்கள் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

கறுப்பு வெள்ளைப் பட்டை போட்ட, இருபுறமும் மஞ்சள் உருண்டை விளக்கு மின்னும் கடவுப்பாதையில் நீங்கள் கால் வைத்ததும் வண்டி நின்றாக வேண்டும். 2022-இல் திருத்திய சாலை விதிகளின்படி, கடக்கக் காத்திருப்பவருக்கும் ஓட்டுநர் வழிவிட வேண்டும். நின்ற வண்டிக்குக் கையை லேசாக உயர்த்தி நன்றி காட்டுவது அங்கே கிட்டத்தட்டக் கட்டாயம். சிவப்பு விளக்கில் குறுக்கே நடப்பது அங்கே குற்றமில்லை, ஆகவே உள்ளூர்க்காரர் கடப்பதைப் பார்த்துப் பின்னாலேயே போகத் தோன்றும். எந்தப் பக்கம் பார்ப்பது என்று பழகும்வரை போகாதீர்கள்.

கார் எடுப்பவர்கள் முன்பதிவின்போதே தானியங்கிக் கியர் என்று கேட்டு வாங்க வேண்டும். கேட்காவிட்டால் கைக்கியர் வண்டி கிடைக்கலாம். அமெரிக்காவில் சிவப்பு விளக்கிலும் நின்று பார்த்து வலது பக்கம் திரும்பலாம். இங்கிலாந்தில் சிவப்பு விளக்கில் எந்தப் பக்கமும் திரும்பக் கூடாது. ரவுண்டானாவில் வலப்பக்கமிருந்து வருபவருக்கு வழிவிட்டுக் கடிகாரத் திசையில் சுற்ற வேண்டும். தூரமும் வேகமும் மைல் கணக்கில்தான், ஆனால் பெட்ரோல் லிட்டர் கணக்கில். பீர் பைண்ட் கணக்கில் விற்கும். அந்தப் பைண்ட்டும் அமெரிக்கப் பைண்ட்டைவிடப் பெரியது, 473 மில்லிக்குப் பதில் 568 மில்லி. உடல் எடையைப் பெரியவர்கள் 14 பவுண்டு கொண்ட ‘ஸ்டோன்’ கணக்கில் சொல்வார்கள். இந்தக் கலப்படத்தில் தர்க்கம் தேடாமல் மனப்பாடம் செய்துகொள்வதே நல்லது.

வரிசையும் ரயிலும்

வரிசையில் நிற்பது அமெரிக்கர்களுக்கும் தெரியும், ஆனால் ஆங்கிலேயருக்கு அது கிட்டத்தட்ட அறம். 2022 செப்டம்பரில் இரண்டாம் எலிசபெத் அரசியின் உடலுக்கு அஞ்சலி செலுத்த, தேம்ஸ் கரையோரம் மைல் கணக்கில் நீண்டு சதர்க் பூங்காவரை போன வரிசையில் இரவு பகலாக நின்றவர்கள் சுமார் 2,50,000 பேர். அந்த நாட்களில் அரசியைப் பற்றிப் பேசிய அளவுக்கு வரிசையைப் பற்றியும் பேசினார்கள். ஆகையால் எங்கே போனாலும், வரிசைபோல் தெரியாத இடத்திலும், ‘நீங்கள் வரிசையில் நிற்கிறீர்களா?’ என்று ஒரு முறை கேட்டுவிடுங்கள். வரிசையைத் தாண்டிப் போகிறவரை யாரும் அதட்ட மாட்டார்கள். ஒரு பெருமூச்சும், பக்கத்திலிருப்பவரிடம் ஒரு முணுமுணுப்பும் எழும். அதுவே கடுமையான கண்டனம் என்று எடுத்துக்கொள்ள வேண்டும்.

லண்டன் பேருந்தில் 2014 முதல் ரொக்கம் வாங்குவதில்லை. தொடுமுறை வங்கி அட்டையோ தொலைபேசியோ போதும், ஆனால் ஆளுக்கு ஓர் அட்டை வேண்டும். பேருந்தில் ஏறும்போது மட்டும் அதைக் கருவியில் தொட வேண்டும். சுரங்க ரயிலில் நுழையும்போதும் வெளியேறும்போதும் தொட வேண்டும். நகரும் படிக்கட்டில் வலப்பக்கம் நிற்க வேண்டும், இடப்பக்கம் நடப்பவருக்கு. லண்டனுக்கு வெளியே, இறங்கும்போது பேருந்து ஓட்டுநருக்கு நன்றி சொல்வது வழக்கம்.

ஊர்விட்டு ஊர் போகும் ரயிலில் மலிவான முன்பதிவுச் சீட்டு அந்த ஒரே ரயிலுக்குத்தான் செல்லும். நேரத்துக்குப் போய்விட்டோம் என்று முந்தின ரயிலில் ஏறினால் புதுச் சீட்டுக்குப் பணம் கட்ட நேரும். ரயில் தாமதமானால் இழப்பீடு கேட்கும் முறை உண்டு, ஆகவே சீட்டைத் தூக்கி எறியாதீர்கள்.

ரயிலுக்குள் அமெரிக்கர் செய்யும் தவறு பேச்சு. 2016-இல் லண்டனில் குடியிருந்த அமெரிக்கர் ஒருவர், சுரங்க ரயிலில் முன்பின் தெரியாதவர்கள் ஒருவரோடொருவர் பேச வேண்டும் என்ற நல்லெண்ணத்தில், ‘டியூப் சாட்?’ என்று அச்சிட்ட சட்டை வில்லைகளை இலவசமாகக் கொடுத்தார். லண்டன்காரர்கள் அதைக் கேலி செய்ததோடு நில்லாமல், ‘பேசலாம் என்று நினைத்துக்கூடப் பார்க்காதே’ என்ற பொருளில் எதிர் வில்லையும் அச்சிட்டுவிட்டார்கள். இது வெறுப்பல்ல. நெருக்கியடித்து நிற்கும் இடத்தில் அடுத்தவருக்கு நாம் தரக்கூடிய தனிமை, நம் பார்வையையும் குரலையும் அவர்மேல் விழாமல் வைத்துக்கொள்வதுதான் என்ற கணக்கு அது. அமெரிக்கக் குடும்பம் சாதாரணமாகப் பேசும் குரல் அங்கே ஒரு பெட்டி முழுக்கக் கேட்கும், பாதியாகக் குறைத்துக்கொள்ளுங்கள். ஆனால் எதிரில் இருப்பவர் நாய் வைத்திருந்தால் விதி தளர்கிறது. நாயிடம் பேசலாம், நாயின் பெயரையும் வயதையும் கேட்கலாம். உரிமையாளரின் பெயரைத்தான் கேட்கக் கூடாது.

சொல்லின் எடை

1951 ஏப்ரலில், கொரியப் போரின்போது, இம்ஜின் ஆற்றங்கரையில் பிரிட்டிஷ் படைப்பிரிவு ஒன்றைச் சீனப் படைகள் சூழ்ந்துகொண்டன. அதன் தளபதி பிரிகேடியர் டாம் பிராடி, தம் அமெரிக்க மேலதிகாரியிடம், நிலைமை ‘எ பிட் ஸ்டிக்கி’ என்று தெரிவித்ததாகச் சொல்லப்படுகிறது. அமெரிக்கர் அதை அகராதிப்படி எடுத்துக்கொண்டார்: கொஞ்சம் சிரமம், ஆனாலும் தாங்கிக்கொள்வார்கள் என்று. பிராடி சொல்ல நினைத்தது, இனித் தாங்காது என்பதை. அந்தப் பிரிவின் குளஸ்டர்ஷயர் படையணியில் பெரும்பாலோர் கொல்லப்பட்டார்கள் அல்லது சிறைப்பட்டார்கள். படையணியின் முடிவுக்கு இந்த ஒரு சொல்தான் காரணம் என்பது மிகையாக இருக்கலாம். இரண்டு ஆங்கிலத்துக்கும் நடுவே உள்ள பள்ளத்தை இதைவிட நன்றாகக் காட்டும் உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

1982 ஜூன் 24 அன்று, ஜாவாவின் மேலே எரிமலைச் சாம்பலுக்குள் சிக்கிய பிரிட்டிஷ் ஏர்வேஸ் விமானத்தின் நான்கு எஞ்சின்களும் நின்றபோது, விமானி எரிக் மூடி பயணிகளிடம், ‘ஒரு சிறிய பிரச்சினை, நான்கு எஞ்சின்களும் நின்றுவிட்டன’ என்ற பொருள்பட அறிவித்தார். எஞ்சின்கள் மறுபடி இயங்கி, எல்லோரும் ஜகார்த்தாவில் உயிரோடு இறங்கினார்கள். பெரிய விஷயத்தைச் சிறிதாக்கிச் சொல்வது அவர்களுக்கு நிதானத்தின் அடையாளம். அதைப் புரிந்துகொள்ளாதவருக்கு எரிகிற வீடும் ‘சற்றே சூடு’ என்றுதான் காதில் விழும்.

ஆகவே சில சொற்களுக்கு மறுகணக்குப் போட்டுக்கொள்ள வேண்டும். ‘நாட் பேட்’ என்றால் நன்றாகவே இருக்கிறது. அமெரிக்க வாயில் ‘குவைட் குட்’ பாராட்டு. ஆங்கில வாயில் அது பெரும்பாலும் ‘சுமார்’. உங்கள் யோசனையைக் கேட்டுவிட்டு ‘இன்ட்ரஸ்டிங்’ என்று மட்டும் சொல்லி நிறுத்தினால் அது பிடிக்கவில்லை என்று கொள்க. ‘வித் ரெஸ்பெக்ட்’ என்று வாக்கியம் தொடங்கினால் மரியாதை அங்கேயே முடிந்துவிட்டது. ‘ஒருநாள் கட்டாயம் வீட்டுக்குச் சாப்பிட வாருங்கள்’ என்பதில் தேதி இல்லாதவரை அழைப்பு இல்லை. அமெரிக்கர்கள் இதைப் போலித்தனம் என்பார்கள். நாம் அப்படிச் சொல்வதற்கில்லை. கடன் கேட்டவரிடம் நம் சித்தப்பா ‘பார்க்கலாம்’ என்று சொல்லும்போது, அது வராத பணம் என்பது நமக்கு எப்படித் தெரிகிறதோ, அதே காதால்தான் அவர்களையும் கேட்க வேண்டும்.

‘ஆல்ரைட்?’ என்று கேட்டுக்கொண்டே ஒருவர் கடந்து போனால், உங்கள் முகத்தில் சோர்வு தெரிகிறதோ என்று கவலைப்படாதீர்கள். அது நம் ‘சாப்பிட்டாச்சா?’ போன்றது, யாரும் என்ன குழம்பு என்று எதிர்பார்த்துக் கேட்பதில்லை. திருப்பி ‘ஆல்ரைட்?’ என்றால் போதும். ‘சாரி’க்கும் ஒற்றைப் பொருள் கிடையாது. அது மன்னிப்பாக இருக்கலாம், வழிவிடச் சொல்வதாக இருக்கலாம், காதில் விழவில்லை என்பதாக இருக்கலாம், நீங்கள் சொல்வது தவறு என்பதாகவும் இருக்கலாம். நீங்கள் அவர் காலை மிதித்தாலும் அவர்தான் சாரி சொல்வார். நீங்களும் உடனே சொல்லிவிட வேண்டும். ‘சியர்ஸ்’ குடிக்கும்போது மட்டுமல்ல, நன்றிக்கும் விடைபெறவும் ஆகும். யார்க்ஷயர்க் கடைக்காரம்மா ‘லவ்’ என்றாலும், நாட்டிங்ஹாமில் ‘டக்’ என்றாலும், அது நம் ஊர்க் கடையில் ‘கண்ணு’ என்பது போலத்தான். ‘ஹாஃப் செவன்’ என்றால் ஏழரை மணி.

பொருட்களின் பெயர்களில் தமிழர் நிலை விசித்திரமானது. பிஸ்கட், டார்ச், லிஃப்ட், பெட்ரோல் எல்லாம் நாம் இங்கிலாந்திடமிருந்து எடுத்தவை. அமெரிக்காவில் கஷ்டப்பட்டு மாற்றிக்கொண்டதை இங்கே மறந்துவிடலாம். பள்ளியில் நாம் கேட்டு வாங்கிய ரப்பர் இங்கிலாந்தில் எழுத்தை அழிக்கும் ரப்பராகவே இருக்கிறது. அமெரிக்காவில் அது ஆணுறை. ஆனால் சிப்ஸ் விஷயத்தில் நாம் அமெரிக்கர் பக்கம். இங்கிலாந்தில் சிப்ஸ் என்றால் தடியாக நறுக்கிப் பொரித்த உருளைக்கிழங்கு, பொட்டலத்தில் வரும் வறுவல் ‘கிரிஸ்ப்ஸ்’. எச்சரிக்கையாக இருக்க வேண்டிய சொல் ‘பேண்ட்’. அங்கே அது உள்ளாடை. நாம் பேண்ட் என்பதை அவர்கள் ‘டிரவுசர்’ என்பார்கள். மழையில் நனைந்து போய், புதுப் பேண்ட் வாங்க வேண்டும் என்று நான் அலுவலகத்தில் அறிவித்தபோது எழுந்த மௌனம் இன்னும் நினைவிருக்கிறது.

பேச்சைத் தொடங்கப் பெயரும் கைகுலுக்கலும் வேலையும் அமெரிக்க வழி. ஆங்கிலேயரிடம் அரைமணி நேரம் பேசி, பெயரே தெரியாமல் பிரிவது இயல்பு. வானிலையில் தொடங்குங்கள். ‘குளிராக இருக்கிறது, இல்லையா?’ என்று அவர் சொன்னால் ஒப்புக்கொள்வதுதான் முறை. மினசோட்டாவில் இதைவிடக் குளிர் என்று புள்ளிவிவரம் சொல்வது அவர் நீட்டிய கையைத் தட்டிவிடுவது போன்றது. சம்பளம், எந்தக் கட்சிக்கு வாக்கு என்பவற்றைக் கேட்காதீர்கள். வீட்டு விலையைப் பற்றி மட்டும் எப்படியோ எல்லோரும் பேசுகிறார்கள். கடவுளைப் பற்றிய பேச்சும் கூச்சம் தரும். அரசுத் திருச்சபை இருக்கிறது, அதன் 26 பேராயர்களும் ஆயர்களும் நாடாளுமன்றத்தின் பிரபுக்கள் அவையில் உட்கார்ந்திருக்கிறார்கள். இருந்தும், அரசையும் மதத்தையும் பிரித்து வைத்த அமெரிக்காவின் தலைவர்கள் மேடைதோறும் சொல்லும் கடவுள் வாழ்த்தை இங்கிலாந்தின் தலைவர் சொன்னால் மக்கள் நெளிவார்கள்.

தம்மைத் தாமே கேலி செய்துகொள்வதும், பழகியவரைச் சீண்டுவதும் அங்கே நட்பின் அறிகுறி. உங்களைச் சீண்டத் தொடங்கிவிட்டால் நீங்கள் உள்ளே சேர்க்கப்பட்டுவிட்டீர்கள். முகம் சுளிக்காமல் ஒரு பதில் கேலி வைத்தால் போதும். உங்கள் பட்டங்களையும் பதவியையும் நீங்களே எடுத்துச் சொல்லும் அமெரிக்க வழக்கம் அங்கே பெருமையடிப்பாகவே படும்.

பப்பில்

ஆங்கிலேயர் வாய்திறக்கும் இடம் பப். நீங்கள் மது அருந்தாதவராக இருந்தாலும் ஒரு மாலையாவது அங்கே போய் உட்கார்ந்தால்தான் இந்த மக்களின் மறுபக்கம் தெரியும். எலுமிச்சை சோடா கேட்பதை யாரும் விசித்திரமாகப் பார்ப்பதில்லை, பல பப்களில் பிள்ளைகளையும் பகலில் அழைத்துப் போகலாம்.

மேசையில் உட்கார்ந்து சிப்பந்திக்காகக் காத்திருந்தால் பெரும்பாலும் யாரும் வர மாட்டார்கள். அமெரிக்கர்கள் அரைமணி நேரம் காத்திருந்து கோபத்தோடு வெளியேறிய கதைகள் ஏராளம். நீங்களே முகப்புக்குப் போய்க் கேட்டு, உடனே பணம் கொடுத்து, கோப்பையைத் தூக்கிக்கொண்டு வர வேண்டும். உணவுக்கு மேசை எண்ணைப் பார்த்து வைத்துக்கொண்டு போங்கள். முகப்பில் கண்ணுக்குத் தெரியும் வரிசை இருக்காது, எல்லோரும் பரவி நிற்பார்கள், ஆனால் யாருக்குப் பின் யார் என்பது அங்கே நிற்கும் ஒவ்வொருவருக்கும் தெரியும். உங்களை முதலில் கேட்டால், முன்பே வந்தவரைக் காட்டி ‘அவர் எனக்கு முன்’ என்பது நல்ல மதிப்பைப் பெற்றுத் தரும். பணத்தை ஆட்டிக் கூப்பிடுவது கெட்டது. இரண்டு கோப்பை என்று விரல் காட்டும்போது உள்ளங்கை எதிரில் இருப்பவரைப் பார்க்கட்டும். புறங்கையைக் காட்டி இரு விரலை உயர்த்தினால் அது ஆபாச வசவு.

கூட்டமாகப் போனால் ஒருவர் எல்லோருக்கும் வாங்குவார், அடுத்த முறை அடுத்தவர். இந்த முறைவைப்பு எழுதாத சட்டம். இரண்டு முறை குடித்துவிட்டு உங்கள் முறை வருமுன் கிளம்புவதை யாரும் சுட்டிக்காட்ட மாட்டார்கள், யாரும் மறக்கவும் மாட்டார்கள். பீப்பாயிலிருந்து இறைக்கும் ‘ஏல்’ என்ற பீர் வகை 11 முதல் 13 டிகிரி செல்சியஸில் வரும். அது கெட்டுப்போனதல்ல, நிலவறைக் குளிர்ச்சியில் வைப்பதே அதன் முறை. கிரிஸ்ப்ஸ் வாங்கினால் பொட்டலத்தை நடுவில் கிழித்து விரித்து, எல்லோருக்கும் எட்டும்படி மேசையில் வையுங்கள். பப் முகப்பில் டிப்ஸ் கிடையாது. மது வாங்க வயது 18, அமெரிக்காபோல் 21 அல்ல.

உணவகம், கடை, மருந்து

உணவகத்தில் பட்டியலில் கண்ட விலையில் 20 சதவிகித வரி ஏற்கனவே சேர்ந்தே இருக்கும். லண்டனில் பெரும்பாலும் 12.5 சதவிகிதச் சேவைக் கட்டணத்தையும் பில்லில் சேர்த்துவிடுவார்கள். அதற்குமேல் டிப்ஸ் வைக்க வேண்டியதில்லை. சேவை மோசமென்றால் அதை நீக்கச் சொல்லலாம். அது சேர்க்கப்படாத இடத்தில் பத்து சதவிகிதம் போதும். 2024 அக்டோபர் முதல் டிப்ஸ் முழுவதையும் ஊழியருக்கே கொடுக்க வேண்டும் என்பது சட்டம். பில்லை நீங்கள் கேட்காமல் கொண்டுவர மாட்டார்கள், கேட்காமல் கொடுப்பது உங்களைத் துரத்துவதாக ஆகிவிடும் என்று கருதுவார்கள். குளிர்பானத்தை மறுபடி மறுபடி இலவசமாக நிரப்பும் வழக்கத்தை எதிர்பார்க்காதீர்கள். மது உரிமம் பெற்ற இடங்களில் குழாய்த் தண்ணீரை இலவசமாகக் கேட்டு வாங்கலாம், குடிக்க நல்லதுதான்.

சூப்பர் மார்க்கெட்டில் பணம் வாங்குபவர் நாற்காலியில் உட்கார்ந்திருப்பார், பொருட்களைப் பையில் போடுவது உங்கள் வேலை, பைக்குக் காசு. 280 சதுர மீட்டருக்கு மேற்பட்ட கடைகள் ஞாயிற்றுக்கிழமை ஆறு மணி நேரமே திறக்க முடியும், ஆகவே திங்கட்கிழமைச் சமையலுக்கு ஞாயிறு மாலை வாங்கலாம் என்று இருந்துவிடாதீர்கள். கிறிஸ்துமஸ் நாளில் ரயில்களும் லண்டன் பேருந்துகளும் ஓடுவதில்லை. அந்த நாளில் விமானம் பிடிப்பவர் காருக்கு முன்பே சொல்லி வைக்க வேண்டும்.

டைலெனால் என்று கேட்டால் மருந்துக்கடையில் புரியாமல் போகலாம்; பாராசிட்டமால் என்று கேளுங்கள். அமெரிக்காபோல் நூற்றுக்கணக்கான மாத்திரைகள் உள்ள புட்டி கிடைக்காது. சாதாரணக் கடையில் 16 மாத்திரை அட்டைகள்தான், அதிலும் இரண்டுக்கு மேல் தர மாட்டார்கள். தற்கொலைகளைக் குறைப்பதற்காக 1998-இல் கொண்டுவந்த கட்டுப்பாடு அது. அவசர உதவிக்கு 911 அல்ல, 999. அவசரமில்லாத மருத்துவ ஆலோசனைக்கு 111. விபத்துப் பிரிவில் முதல் சிகிச்சைக்குப் பணம் வாங்குவதில்லை, ஆனால் மருத்துவமனையில் சேர்த்துக்கொண்டால் வெளிநாட்டினர் கட்டியாக வேண்டும் என்பதால் பயணக் காப்பீடு இல்லாமல் போகாதீர்கள்.

வயல்வெளியில் ஒரு நடை

நகரத்தைவிட்டு ஒரு நாளாவது வெளியே போங்கள். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் சுமார் 1,40,000 மைல் நீளத்துக்குப் பொதுவழி நடைபாதைகள் இருக்கின்றன. அவற்றில் பல தனியார் வயல்களுக்கும் ஆட்டுப் பட்டிகளுக்கும் நடுவே செல்கின்றன. அமெரிக்காவில் அடுத்தவர் நிலத்தில் கால் வைத்தால் துப்பாக்கி வருமோ என்று அஞ்சிப் பழகியவருக்கு, விவசாயியின் வீட்டுப் பக்கமாகவே நடந்து போகச் சொல்லும் அம்புக்குறி நம்ப முடியாததாக இருக்கும். நம்பிப் போகலாம். நீங்கள் திறந்த படலை நீங்களே மூடிவிட்டுப் போக வேண்டும், நாயைக் கயிற்றில் பிடித்துக்கொள்ள வேண்டும், எதிரே வருபவருக்கு வணக்கம் சொல்ல வேண்டும். ரயிலில் உங்களை ஏறிட்டும் பாராதவரே அந்த ஒற்றையடிப் பாதையில் முகம் மலர்ந்து வாழ்த்துவார்.

வீட்டுக்கு அழைத்தால்

தேதியும் நேரமும் குறித்து அழைத்தால் அது உண்மையான அழைப்பு. அதற்குப் பல வாரங்கள் முன்பே சொல்வார்கள். ஏழரை மணி என்றால் ஏழே முக்காலுக்குள் போய்விட வேண்டும், ஏழரைக்கு முன்னால் போகக் கூடாது. வட இங்கிலாந்தில் ‘டீக்கு வாருங்கள்’ என்றால் அது மாலைச் சாப்பாடாக இருக்கக்கூடும். வயிற்றை நிரப்பிக்கொண்டு போகாதீர்கள். சைவம் என்பதை முன்னரே தெரிவித்துவிட்டால் சங்கடமில்லை, அங்கே அது புதிய விஷயமுமல்ல. ஒரு பாட்டிலோ சாக்லேட்டோ பூவோ கையில் இருக்கட்டும். அமெரிக்க வீட்டில் ‘ஃபிரிட்ஜைத் திறந்து வேண்டியதை எடுத்துக்கொள்ளுங்கள்’ என்பார்கள். ஆங்கில வீட்டில் அப்படிச் சொல்வது அரிது, நீங்களாகத் திறப்பதும் கூடாது. மாறாக, தேநீர் வேண்டுமா என்று பத்து நிமிடத்துக்கு ஒருமுறை கேட்பார்கள். தேநீர் என்றால் பாலோடு சூடாக. ஐஸ் போட்டது இல்லை. முதல்முறை வேண்டாம் என்று சொல்லி, இரண்டாம் முறை ‘நீங்கள் குடிப்பதானால்’ என்று ஒப்புக்கொள்ளும் நம் வழக்கம் அங்கே கச்சிதமாகப் பொருந்துகிறது. அமெரிக்கர்தான் முதல் கேள்விக்கே ஆமாம் என்றோ வேண்டாம் என்றோ சொல்லி முடித்துவிடுகிறார்.

கிளம்பும் நேரம் எப்போது என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஆனால் இரவு பத்து மணிக்கு மேல், பேச்சு ஓய்ந்த ஒரு கணத்தில், வீட்டுக்காரர் இரண்டு கைகளாலும் தம் தொடையை லேசாகத் தட்டி, ‘ரைட்’ என்பார். அதன்பின் ஒன்றும் சொல்ல மாட்டார். நீங்கள் எழுந்து மேலங்கியைத் தேடலாம். வாசலில் இன்னும் கால்மணி நேரம் பேச்சு நடக்கும், அது கணக்கில் சேராது. மறுநாள் காலையில் நன்றி சொல்லி ஒரு குறுஞ்செய்தி அனுப்பிவிடுங்கள்.